இலங்கையில் சமாதானம் யார் கையில்?

யுத்தம் ஓய்ந்தது என்ற செய்தி 2009-ம் வருஷம் மே மாதத்தில் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்தது. சமாதானம் ஏற்பட்டது என்ற செய்தியை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஜனங்கள் இன்னும் எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். நம் திருப்பாச்சூரில் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்பிவிடக் கூடிய கும்மிடிப்பூண்டியிலும் அதே செய்திக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் பல நூறு உண்டு. தொழிற்பேட்டையின் சங்கொலி கேட்கும் தூரத்தில், முகாம் வீடுகளில், ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, மணம் முடித்து, தானும் பிள்ளை பெற்றுவிட்டது. ஆகையால் இலங்கை விவகாரத்தைக் கடல் கடந்த விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அது நம் ஜில்லாவின் விவகாரமும் ஆகும்.

சென்ற பொங்கலுக்கு முன் நம் தெருவில் ஒரு வீட்டுக்கு வர்ணம் பூச வந்தவர்களில் அம்முகாமைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் இருந்தார். ஊருக்குத் திரும்பும் உத்தேசம் உண்டா என்று பேச்சுவாக்கில் அவரை விசாரித்தோம். தம் தகப்பனார் மன்னார்ப் பக்கத்தவர் என்றும், தாம் முகாமிலேயே பிறந்தவர் என்றும் சொன்னார். திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்பதைப் பற்றிக் கொழும்பிலும் டில்லியிலும் சென்னையிலும் பேசிக் கொள்வதாகப் பத்திரிகையில் படிப்பதுண்டாம்; தம் வீட்டாரை மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். இதை ஒரு புகாராக அவர் சொல்லவில்லை. சுவருக்குப் பட்டி பார்த்துக் கொண்டே, வேலைக்கு நடுவில் சொன்னார். நமக்கு அது சுருக்கென்று தைத்தது. நாமும் இலங்கையைப் பற்றி எத்தனையோ தலையங்கங்கள் எழுதியிருக்கிறோம். அவரைப் போன்றவர்களைக் கேட்டு எழுதியவை எத்தனை?

நியாய ஸ்தலத்தில் பழகியவர் எவரும் அறிந்த விதி ஒன்றுண்டு. ஒருவனுடைய உரிமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அவனுடைய வார்த்தையைக் கேட்டாக வேண்டும். கேளாமல் சொன்ன தீர்ப்பு, விஷயத்தில் சரியாகவே இருந்தாலும், மேல் கோர்ட்டில் நில்லாது. ஒரு வேலித் தகராறுக்கே இந்த விதி என்றால், 26 வருஷம் ரத்தம் சிந்திய ஒரு தேசத்தின் வழக்குக்கு அது எவ்வளவு அதிகமாகப் பொருந்தும்! இலங்கையில் சமாதானம் வேரூன்றாமல் தள்ளாடுவதற்கு நாம் காணும் முதற் காரணம் இதுவே. துன்பப்பட்டவர்கள் தங்கள் வார்த்தையைச் சொல்வதற்கென்று ஏற்பட்ட சபைகளை மூடி வைத்தார்கள். அவர்களைக் கேட்கச் சென்ற கமிட்டிகளின் அறிக்கைகளை அலமாரியில் உறங்க வைத்தார்கள்.

சபைகளின் கதையை முதலில் சொல்வோம். 1987-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பயனாக, அவ்வருஷம் நவம்பரில் இலங்கை அரசியல் சட்டத்தில் 13-வது திருத்தம் சேர்ந்தது. மாகாண சபைகள் அதனால் பிறந்தன. வடக்கையும் கிழக்கையும் ஒன்றாக்கி 1988-ல் தேர்தல் நடந்தது. 1990-ல் அந்தச் சபை முடிவுற்றது. இரண்டையும் இணைத்ததே செல்லாது என்று 2006-ல் இலங்கை சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வட மாகாணத்துக்கென்று தனியே முதல் தேர்தல் நடந்தது, யுத்தம் முடிந்து நான்கு வருஷம் கழித்து, 2013-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி. 38 ஸ்தானங்களில் 30 ஸ்தானங்களைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீ விக்னேசுவரன் முதன் மந்திரியானார். ராணுவச் சாவடிகளைக் கடந்து போய் வரிசையில் நின்று ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். தங்களுக்குத் தங்கள் பிரதிநிதிகள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

அந்தச் சபையின் ஆயுள் 2018-ம் வருஷம் அக்டோபரில் முடிந்தது. கிழக்கு மாகாண சபை அதற்கு ஒரு வருஷம் முன்பே முடிந்திருந்தது. 2019-க்குள் ஒன்பது மாகாணங்களின் சபைகளும் காலாவதியாயின. மறு தேர்தல் வரவில்லை. காரணம் ஒரு சட்டச் சிக்கல். 2017-ல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் செய்தார்கள். புதிய முறைக்குத் தொகுதிகளைப் பிரித்தாக வேண்டும். பிரித்துக் கொடுத்த அறிக்கை 2018 ஆகஸ்டில் பார்லிமெண்டுக்கு வந்தபோது எதிராக 139 ஓட்டுகள் விழுந்தன. ஆதரவாக ஓர் ஓட்டுக்கூட விழவில்லை. பழைய முறை போயிற்று; புதிய முறை நடைக்கு வரவில்லை; இரண்டுக்கும் நடுவில் ஜனங்களின் உரிமை அந்தரத்தில் நின்றது. பழைய முறைப்படியே தேர்தல் நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தம் செய்தால் அவிழக் கூடிய முடிச்சு இது. 2025 மே 6-ந் தேதி, நெடுந் தாமதத்துக்குப் பின், ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களையாவது நடத்தினார்கள். மாகாண சபைகளின் கதவு அப்போதும் திறக்கவில்லை. ஜனாதிபதி நியமித்த கவர்னர்களும் உத்தியோகஸ்தர்களுமே மாகாணங்களை நடத்தி வந்தார்கள்.

நம் ஜில்லாவாசிகளுக்கு இந்த நிலைமையை நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்த பின், கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அதில் வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்து, திருவள்ளூர் உள்பட 28 ஜில்லாக்களின் பஞ்சாயத்துகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. தெரு விளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பது என்று கிராமத்தார் திகைத்ததை நாம் கண்டோம். தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் பயப்பட வேண்டியது மேலதிகாரிக்கு; ஓட்டருக்கு அல்ல. யுத்தத்தைக் கண்ணால் காணாத நமக்கே இது பெருங்குறையாக இருக்குமானால், வீட்டையும் நிலத்தையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

மாகாண சபை இருந்த காலத்தில் மட்டும் என்ன சாதித்துவிட்டது என்று கேட்பவர்கள் தமிழர்களிலும் உண்டு, சிங்களரிலும் உண்டு. கேள்வி நியாயமானதே. நிலமும் போலீஸும் மாகாணத்துக்கு உரியவை என்று 13-வது திருத்தம் சொல்கிறது. எந்தச் சர்க்காரும் அவற்றை முழுதாக விட்டுக் கொடுத்ததில்லை. வட மாகாண சபை தீர்மானங்கள் பல நிறைவேற்றிற்று. கைகூடிய காரியங்கள் சில. அங்கத்தினர்களுக்குள்ளே மூண்ட சச்சரவுகளும் ஜனங்களைச் சோர்வடையச் செய்தன. இவற்றை மறைப்பதில் பயனில்லை. ஆயினும், அதிகாரம் குறைந்த சபையில் உட்கார்ந்து கொண்டு மேலும் அதிகாரம் கேட்கலாம். சபையே இல்லாதபோது எங்கே நின்று கேட்பது? 1935-ம் வருஷத்து இந்தியச் சட்டத்தைப் போதாதென்று நம் தேசத்தார் கண்டித்தார்கள். 1937-ல் அச்சட்டப்படி அமைந்த சபைகளிலேயே புகுந்து ராஜ்ய பாரம் பழகினார்கள். அந்தப் பழக்கம் பத்து வருஷத்தில் பயன்பட்டது.

சபைகள் மூடிக் கிடந்த காலத்தில் ஜனங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 2017-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி, முல்லைத்தீவு ஜில்லாவில் கேப்பாப்புலவைச் சேர்ந்த பிலக்குடியிருப்பு ஜனங்கள், விமானப் படையின் வசமிருந்த தங்கள் நிலத்துக்கு எதிரே தெருவில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். தாய்மார்கள் கைக்குழந்தைகளுடன் பனியில் படுத்தார்கள். கல் ஒன்று எறியவில்லை. மார்ச் முதல் தேதி நிலம் திரும்பிற்று. பூநகரிப் பக்கத்து இரணைதீவு ஜனங்களின் கதை இதனினும் பெரிது. 1992-ல் தீவை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள். யுத்தம் முடிந்த பின்பும் கடற்படை அங்கே இருந்தது. மனுப் போட்டார்கள், கரையில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். 2018-ம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி படகுகளில் ஏறி, வெள்ளைக் கொடி பிடித்து, தங்கள் தீவில் தாங்களே போய் இறங்கினார்கள். அடுத்த மாதமே அங்கு வசிக்கச் சர்க்கார் இணங்கிற்று. எந்தத் தலைவரும் இவர்களுக்கு வழி காட்டியதாகத் தெரியவில்லை. ஊரார் கூடிப் பேசினார்கள், ஊரார் முடிவு செய்தார்கள், பெண்கள் முன்னே நின்றார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பிரதேசத்தை ஆளும் தகுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நிலம் கேட்டவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைத்தது. பிள்ளையைக் கேட்டவர்களுக்குப் பதிலே கிடைக்கவில்லை. காணாமற் போனவர்களின் தாய்மார்கள் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-ந் தேதி தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். வருஷங்கள் பல உருண்டன. அவர்களில் பலர் விவரம் அறியாமலே கண் மூடினார்கள். காணாமற் போனவர்களைப் பற்றி விசாரிக்க 2016-ல் சட்டம் செய்து, 2018-ல் ஓர் அலுவலகம் ஏற்படுத்தினார்கள். அலுவலகம் இருந்தும் அத்தாய்மார்களின் நம்பிக்கையை அது பெறவில்லை. காரணம் வெளிப்படை. எப்படிப்பட்ட விசாரணை வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். சொன்ன பதிலை ஏற்கவில்லை. 2016-ம் வருஷத்தில் ஸ்ரீமதி மனோரி முத்தெட்டுவேகமவின் தலைமையில் ஒரு கமிட்டி தீவு முழுதும் சுற்றி, தமிழர், சிங்களர், முஸ்லிம்கள், யுத்தத்தில் மகனை இழந்த சிப்பாயின் குடும்பத்தார் எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டது. 7,000-க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. அந்நிய நீதிபதிகளும் கலந்த கோர்ட் வேண்டும் என்பது அதன் சிபார்சுகளில் ஒன்று. 2017 ஜனவரியில் அறிக்கை வெளியானபோது ஜனாதிபதி அதை வாங்கிக் கொள்ளக்கூட வரவில்லை. ஒருவனை அழைத்து வைத்து அவன் மனத்தைத் திறக்கச் சொல்லி, திறந்த பின் முகத்தைத் திருப்பிக் கொள்வது, கேளாமல் இருப்பதைக் காட்டிலும் பெரிய அவமானம்.

இவையெல்லாம் சொல்ல நன்றாயிருக்கும், நடக்கக் கூடியவையா என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் தேசத்திலேயே நடந்திருக்கிறது. 1966 மார்ச்சில் ஐஜால் நகரின் மீது இந்திய விமானங்களே குண்டு போட்டதைக் கண்டவர்கள் மிஸோ ஜனங்கள். அடுத்த வருஷம் முதல் கிராமம் கிராமமாக அவர்களைப் பெயர்த்துப் புதுக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். இருபது வருஷம் கலகம் நீடித்தது. மாதா கோயில்களின் பெரியோர்கள் இரு தரப்பாரிடமும் நடையாய் நடந்து பேசினார்கள். 1986-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி ஒப்பந்தம் ஏற்பட்டது. அப்போது முதன் மந்திரியாக இருந்த ஸ்ரீ லால் தன்ஹாவ்லா பதவியை விட்டிறங்கி, கலகத் தலைவரான லால்டெங்காவுக்கு அந்த ஸ்தானத்தைக் கொடுத்துத் தாம் துணை முதன் மந்திரியாக அமர்ந்தார். 1987 பிப்ரவரியில் மிஸோராம் தனி ராஜ்யமாயிற்று. துப்பாக்கி பிடித்தவர்கள் ஓட்டுக் கேட்டு வந்தார்கள், ஒருமுறை தோற்றார்கள், ஒருமுறை ஜெயித்தார்கள், காட்டுக்குத் திரும்பவில்லை. பதவியிலிருந்தவர் தம் ஆசனத்தை எதிராளிக்குக் கொடுக்கத் துணிந்ததே அதற்கு அடிப்படை என்பது நம் துணிபு.

ஆனால் மிஸோராம் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதோடு முடியவில்லை. பெரும்பான்மையோருக்குச் சமாதானம் வந்த அந்த ராஜ்யத்திலிருந்தே 1997-ல் புரு வகுப்பார் பல்லாயிரக்கணக்கில் அடித்து விரட்டப்பட்டார்கள். திரிபுராவின் முகாம்களில் 20 வருஷத்துக்கு மேல் கிடந்தார்கள். 2020 ஜனவரியில்தான் அங்கேயே குடியமர்த்துவதென்று ஏற்பாடாயிற்று. சிறுபான்மையினராகத் துன்பப்பட்டவர்கள் தங்களுக்குள் உள்ள சிறுபான்மையோரை மறந்தால் சமாதானம் பாதியில் நின்றுவிடும் என்பதற்கு இது தக்க சாட்சி.

இந்தப் பாடத்தை ஈழத் தமிழர்களும் படித்தாக வேண்டும் என்று சொல்ல நாம் கூசவில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் யாவரையும், 70,000-க்குக் குறையாத ஜனங்களை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். உடுத்திய துணியோடு புத்தளத்தில் போய் ஒதுங்கினார்கள். தமிழ் பேசுகிறவர்களைத் தமிழ் பேசுகிறவர்கள் விரட்டிய இந்தக் காரியத்துக்குச் சமாதானம் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. 2013-ம் வருஷத் தேர்தலில் தனக்குக் கிடைத்த இரண்டு போனஸ் ஸ்தானங்களில் ஒன்றை ஒரு முஸ்லிம் பிரதிநிதிக்கு அளித்த கூட்டமைப்பின் செய்கையை நாம் பாராட்டுகிறோம். அது ஒரு தொடக்கம். திரும்பி வரும் முஸ்லிம் குடும்பத்துக்கு நிலமும் பள்ளிக்கூடமும் அண்டை வீட்டாரின் வரவேற்பும் கிடைப்பதே முடிவு. பெண்கள் விஷயத்திலும் இதுவே நியாயம். ஸ்தல ஸ்தாபனங்களில் நூற்றுக்கு இருவராக இருந்த பெண்கள், நாலில் ஒரு பங்கு அவர்களுக்கென்று சட்டம் வந்த பின், 2018 பிப்ரவரித் தேர்தலில் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்டார்கள். விதவைகள் குடும்ப பாரம் சுமக்கும் ஒரு பிரதேசத்தில் இது தயவல்ல, அவசியம்.

ஐரோப்பாவிலும் ஓர் உதாரணம் உண்டு. வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் பிராட்டஸ்டெண்டுகளும் 30 வருஷம் ஒருவரை ஒருவர் கொன்றார்கள். 1998 ஏப்ரல் 10-ந் தேதி ஏற்பட்ட ஒப்பந்தத்தைத் தலைவர்கள் கையெழுத்தோடு விட்டுவிடவில்லை. மே மாதம் ஜனங்களின் ஓட்டுக்கு விட்டார்கள். நூற்றுக்கு 71 பேர் சம்மதித்தார்கள். இரு வகுப்பாரின் பிரதிநிதிகளும் சம அதிகாரத்துடன் மந்திரி சபைக்குத் தலைமை வகிக்க வேண்டும் என்பது அதன் விதி. அச்சபை பின்னால் பலமுறை ஸ்தம்பித்தது. வருஷக் கணக்கில் கூடாமலும் இருந்தது. ஆயினும் பழைய யுத்தம் திரும்பவில்லை. ஜனங்கள் தங்கள் கையால் ஏற்றுக் கொண்ட ஒப்பந்தத்தைத் தலைவர்களாலும் எளிதில் உடைக்க முடியவில்லை.

இலங்கையில் இப்பொழுது ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. 2024 நவம்பர்த் தேர்தலில் 225 ஸ்தானங்களில் 159 பெற்ற தேசிய மக்கள் சக்தி, யாழ்ப்பாண ஜில்லாவிலும் முதலிடம் பெற்றது. தென்னிலங்கையில் தலைமை கொண்ட ஒரு கட்சிக்கு யாழ்ப்பாணத்தார் இவ்வளவு ஓட்டுப் போட்டது புதிய செய்தி. அக்கட்சியின் வேரான ஜனதா விமுக்தி பெரமுன, 1987-ம் வருஷ ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்த ஸ்தாபனம் என்பதை நாம் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஓட்டர்களும் மறந்திருக்க மாட்டார்கள். மறவாமலே நம்பிக்கை வைத்தார்கள். அந்த நம்பிக்கைக்கு ஏற்ற பதில், மாகாண சபைகளுக்குத் தேர்தல் வைத்து, சட்டத்தில் எழுதிய அதிகாரத்தைக் கையில் கொடுப்பதே.

இனி நம்மைப் பற்றி. அயலாரைக் கண்டிப்பது சுலபம். பாக் ஜலசந்தியில் நம் கரையிலிருந்து போகும் இழுவைப் படகுகள் கடலடியை வாரிக் கொண்டு வருகின்றன. யுத்தத்தில் எல்லாம் இழந்து, கடன் வாங்கி வலை வாங்கிய வடக்கு மீனவனின் வலையை அறுக்கின்றன. அவனும் தமிழன். 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதத்தில் கொழும்பிலும் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். சர்க்கார்களைவிட மீனவர்கள் ஒருவர் கஷ்டத்தை ஒருவர் நன்றாக அறிந்திருந்தார்கள். அந்தப் பேச்சு தொடர்ந்து நடந்து ஒரு முடிவை எட்டியிருக்க வேண்டும். நம் ஜில்லாவின் பழவேற்காடு ஏரியில், இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் வலை போடுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக் கொள்ளும் ‘பாடு’ முறை தலைமுறைகளாக வழங்கி வருகிறது. அதில் இடம் பெறாதவர்களின் மனக்குறையும் அதே ஏரிக்கரையில் உண்டு. பங்கிட்டு வாழும் வித்தையும், பங்கில் ஒருவரை விட்டுவிட்டால் நேரும் கசப்பும் நமக்குப் புதியவையல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

கடைசியாக, கும்மிடிப்பூண்டி. 2021-ம் வருஷக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். முகாம்களுக்கு வெளியே சுமார் 34,000 பேர். அவ்வருஷம் ஆகஸ்டில் ராஜ்ய சர்க்கார் 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முற்பட்டது. ‘அகதி முகாம்’ என்ற பெயரையும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிற்று. வீடு நல்லதே, பெயரும் நல்லதே. ஆனால் அவ்வீட்டில் குடியிருப்பவர் எந்தத் தேசத்துப் பிரஜை? 2019-ம் வருஷப் பிரஜா உரிமைச் சட்டத் திருத்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்து கொண்டவர்கள் மீது பாஸ்போர்ட், விஸா இல்லாத குற்றத்துக்கு வழக்கில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. தண்டனைப் பயம் நீங்கிற்று. பிரஜா உரிமை வரவில்லை. 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே இந்தியப் பிரஜைகள் என்பது சட்டம். முகாமில் அக்காலத்தில் பிறந்த எத்தனை பேருக்கு இதை எடுத்துச் சொன்னோம்? நம் வக்கீல் நண்பர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போய் வந்தால் ஆகக் கூடிய காரியம் இது.

கேளாமல் செய்த காரியம் எப்படி முடியும் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தமிழர்களின் பிரஜா உரிமையை 1948-ல் இலங்கைச் சர்க்கார் பறித்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் ஸ்ரீமதி பண்டாரநாயக்காவும் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பாகம் பிரித்தார்கள். மிஞ்சியவர்களை 1974-ல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மந்தையைப் பங்கிடுவது போல் மனிதரைப் பங்கிட்ட அந்தக் கணக்கில் தோட்டத் தொழிலாளியின் வார்த்தைக்கு இடமே இல்லை. அக்கணக்கு எளிதில் தீரவில்லை. கலவரங்களுக்கு அஞ்சி மலையிலிருந்து வன்னிக்கு ஓடி, வன்னியிலிருந்து யுத்தத்துக்கு அஞ்சி இங்கு வந்த மலைநாட்டுத் தமிழர்கள் நம் முகாம்களில் இன்றும் இருக்கிறார்கள். மறுபடியும் அதே தவற்றைச் செய்யப் போகிறோமா?

ஆகையால் நாம் வேண்டுவது இது. முகாம்களில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தையும், தனித்தனியே, பயமின்றிப் பதில் சொல்லும்படி கேட்க வேண்டும். ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு அங்கே நிலம் யார் வசம் இருக்கிறது, வீடு நிற்கிறதா, பிள்ளைகளின் படிப்புச் சான்றுகள் செல்லுமா என்ற விவரம் புறப்படுமுன் கிடைக்க வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். ஏறுவது எளிது, இறங்கிய பின் போய்ச் சேர வீடு வேண்டும். இங்கேயே இருக்க விரும்புகிறவர்களுக்குப் பிரஜா உரிமைக்கு வழி திறக்க வேண்டும். தகப்பனார் ஒன்றும் மகன் ஒன்றும் விரும்பினால் இரண்டுக்கும் இடம் இருக்க வேண்டும். தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக் கொள்ளும் திறமை அகதிகளுக்கு உண்டு. தந்தை செல்வநாயகத்தின் குமாரர் ஸ்ரீ சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் அகதிகளே அகதிகளுக்குப் பாடம் சொல்லி, வைத்தியம் பார்த்து, தொழில் பழக்கி வந்திருக்கிறார்கள். இவர்களையும் வைத்துக் கொண்டு பேசாத எந்த மாநாடும் பூர்த்தியான மாநாடு அல்ல.

கொழும்பில் இருப்பவர்கள் மாகாண சபையைத் திறக்கட்டும். டில்லியில் இருப்பவர்கள் சட்டத்தைத் திருத்தட்டும். அவற்றுக்காக நாம் எழுதுவோம், கிளர்ச்சியும் செய்வோம். அதுவரையில் நம்மால் ஆகக் கூடியது ஒன்று இருக்கிறது. இலங்கைத் தமிழருக்காகக் கூட்டம் போடும் நம் ஜில்லாத் தேசபக்தர்கள், அடுத்த கூட்டத்தைக் கும்மிடிப்பூண்டி முகாமில் போடட்டும். மேடையில் முகாமில் உள்ளவர்களை உட்கார வைத்து, நாம் கீழே உட்காருவோம். சென்ற பொங்கலுக்கு நம் தெருச் சுவருக்கு வர்ணம் பூசிய அந்த இளைஞர் பேசட்டும். அவர் சொல்வதைக் கேட்டுக் கொண்டு வந்து, இந்தப் பத்தியில் அடுத்த தலையங்கம் எழுதுகிறோம்.